எனக்கு நானே எழுதிய வாழ்த்துமடல்

தஞ்சாவூர்
தை 22

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் நன்றாயிருப்பதைப் போனில் படமாகப் பார்க்கிறோம், ஆனாலும் காகிதத்தில் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. இங்கே சம்பா அறுவடை நடக்கிறது, பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதியில் பஸ் போகிறது. உனக்குப் போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் ஓய்வு விழா வீடியோவில் மேலாளர் வாசித்த வாழ்த்துமடலைக் கேட்டுவிட்டு, பெருமையாக இருக்கிறது அப்பா என்று நீ ஒரு வரி அனுப்பியிருந்தாய். அந்த மடலை எழுதியவன் நான்தான்.

வேறு யார் எழுதுவார்கள் சொல். இருபத்தாறு வருடமாக எங்கள் கிளையில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது என் வேலை. நிதி ஆலோசகன் என்று அட்டையில் போட்டிருந்தார்கள், ஆலோசனையை யாரும் கேட்டதில்லை, தமிழை மட்டும் கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறக்காத ரெங்கசாமியை அமைதியின் உருவம் என்று எழுதினேன், அவர் மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். என் முறை வந்தபோது துரைராசு என் மேசைக்கு வந்தான். படிவம் நிரப்ப நான் கற்றுக்கொடுத்த பையன், இன்று மேலாளர், உனக்குத் தெரியும். உங்களுக்கு எழுத இங்கே யாருண்ணே இருக்கா, நீங்களே எழுதிடுங்க, நான் வாசிச்சிடுறேன் என்றான். கையில் கொடுத்ததை முன்கூட்டிப் பார்க்காமல் வாசிப்பவன் அவன். ரெங்கசாமி விழாவில் ‘பின்பக்கம் பார்க்க’ என்று நான் அடியில் குறித்திருந்ததையும் உரத்துப் படித்து அதற்கும் கைதட்டு வாங்கினான்.

எனவே பதினைந்து வருட மனக்குறையை அவன் வாயாலேயே சொல்லவைப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் கம்பெனியின் பொன்விளைச்சல் சேமிப்புத் திட்டம் நினைவிருக்கிறதா, வீட்டில் நான் திட்டிக்கொண்டே இருப்பேனே. வருடா வருடம் ஆவணியில் தவணை கட்ட வேண்டும். ஆவணியில் இந்த ஊரில் யார் கையில் காசு இருக்கும்? நாற்றங்காலுக்கும் உழவுக்கும் நகை அடகுக்குப் போகிற மாதம் அது. இரண்டு தவணை தவறினால் கட்டியதெல்லாம் கம்பெனிக்கு. தவணையை மாசிக்கு மாற்றுங்கள், நெல் விற்ற பணம் இருக்கும் என்று மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். பதிலுக்கு நன்றி சொல்லி ஒரு சுவர்க் காலண்டர் அனுப்பினார்கள். துரைராசு அந்தத் திட்டத்தை ஊர் ஊராக விற்று மேலே போனான். ஆகவே மடலில் இப்படி எழுதினேன்: தியாகராசன் அண்ணன் தான் வாங்காத திட்டத்தை யாருக்கும் விற்றதில்லை, பொன்விளைச்சலை விற்க மறுத்த ஒரே ஆள் அவர், விற்ற நாங்கள் மேலாளர் ஆனோம். அம்மாவிடம் காட்டினேன். தமிழ் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விழாவில் எல்லாம் முறைப்படி நடந்தது. பொன்னாடை, மோதிரம், நான் காசு கொடுத்து வாங்கிய பிரியாணி. துரைராசு எதிர்பார்த்தபடியே ஒரு சொல் விடாமல் வாசித்தான். விற்ற நாங்கள் மேலாளர் ஆனோம் என்ற இடத்தில் நிறுத்தினான், கூட்டம் கைதட்டியது, அவனும் சிரித்துக் கும்பிட்டான். நான் பதினைந்து வருடம் தீட்டிய கத்தி, அவன் அதில் கேக் வெட்டிவிட்டான்.

அடுத்து, பழைய வாடிக்கையாளர் ஒருவர் பேச வேண்டும் என்று பட்டியலைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். குடவாசல் சைத்தூன் பீவி. கணவர் துபாயில் இறந்த பிறகு பத்து மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தியவர். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இவங்க நல்ல மனுஷர், எங்க ஊட்டுக்காரர் மௌத்தானப்ப பேப்பரெல்லாம் அலைஞ்சு வாங்கிக் கொடுத்தாங்க என்று ஆரம்பித்தார். பிறகு கொஞ்சமும் கோபமில்லாமல், எனக்காக மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

“அந்தப் பொன்விளைச்சலை எனக்கு எழுதிக் கொடுத்ததே இவங்கதான். மறந்திருப்பாங்க, வயசாவுதுல்ல.”

அதற்கும் கைதட்டினார்கள். நீ பார்த்த வீடியோவில் இது இருக்காது, துரைராசு வெட்டியிருப்பான். ஏற்புரைக்கு நாலு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், எடுக்கவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நான் மறக்கவில்லை வானதி. இரண்டு வருடம் மறுத்தது நிஜம். மூன்றாம் வருட ஆவணியில், ஒன்றுகூட விற்காதவனுக்கு ஊக்கத்தொகை கிடையாது என்றார்கள். உன் காலேஜில் முதல் வருடக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று விற்றேன், நான் எதைச் சொன்னாலும் நம்பிக் கையெழுத்துப் போடுகிறவரிடம். மூன்று தவணை கட்டினார், அடுத்த இரண்டும் முடியவில்லை, போயிற்று. நீ சங்கடப்பட இதைச் சொல்லவில்லை, உனக்குப் பதினேழு வயது, உனக்கு எதுவும் தெரியாது. விற்ற துரைராசு விற்றேன் என்கிறான். விற்ற நான் மறுத்தேன் என்று மடல் எழுதி அவனையே வாசிக்க வைத்தேன்.

மறுநாள் காலை மோதிரத்தை எடுத்துக்கொண்டு குடவாசல் போனேன். சைத்தூன் பீவி டீ கொடுத்தார், மோதிரத்தைத் தொடவில்லை. அவர் மகள் தஹ்மீனா வக்கீலுக்குப் படித்திருக்கிறாள். தன் அம்மாவைப் போல அவள் எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. “மோதிரம் வேணாம் சார், நடந்ததை எழுதிக் கொடுங்க. கம்பெனி மேல பெட்டிஷன் போடணும்” என்றாள். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விற்றேன் என்று நானே எழுத வேண்டும். இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் துரைராசு எனக்கு வைத்திருக்கும் இரண்டு வருட ஒப்பந்த ஆலோசகர் வேலை போய்விடும். ஜூனில் நானும் அம்மாவும் அங்கே வருவதற்கு அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தேன்.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். பதினோரு வரி. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். பெட்டிஷன் நிற்குமோ நிற்காதோ, தஹ்மீனாவுக்கே நிச்சயமில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், இப்பதான் தமிழ் நல்லாருக்கு என்றாள், படிக்காமலே. இருபத்தாறு வருடத்தில் நான் எழுதியவற்றில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லாத தாள் அது ஒன்றுதான். துரைராசு கையில் கிடைத்தால் அதையும் நிறுத்தி நிறுத்தித்தான் வாசிப்பான், கைதட்டலுக்கு.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அங்கே இப்போது கோடைதான் என்றாலும் காதை மூடாமல் வெளியே போகாதே. யாராவது நல்ல திட்டம் என்று காகிதம் நீட்டினால் தவணை எந்த மாதம் என்று முதலில் கேள், நீட்டுவது அப்பாவாக இருந்தாலும். ஜூனுக்கு டிக்கெட் போட்டுவிடாதே, மறக்காமல் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

என்றும் உன் நினைவாக,
அப்பா
தியாகராசன்