பந்திக்கு முன் எழுந்து போகிறவன்

பிப்ரவரி 4, 2024 – ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணைப் பந்தி. காணிக்கைப் பாட்டு முடிந்ததும், திடப்படுத்தல் ஆகாததால் இன்னும் அப்பம் வாங்க முடியாத பிள்ளைகளோடு நானும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒருவன்மேல் மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு கர்த்தருடைய பந்தியில் முழங்காலிடக் கூடாது. இது ஆயர் சொல்லித் தெரிந்ததல்ல. காப்பித் தோட்டத்தில் கவாத்து மேஸ்திரியாக இருந்தபோது வேதத்தில் எழுத்துக் கூட்டி நானே படித்தது.

எங்கள் சபை மேக்ஸ்வெல் மகள் ஷீனா, எட்டு வயது, மரத்தடி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங் தாத்தா, உங்களுக்கு இன்னும் திடப்படுத்தல் ஆகலீங்களா?"

எனக்கு எழுபத்து நாலு. "பரீட்சையில ஃபெயிலு கண்ணு" என்றேன். நம்பிவிட்டாள். நன்றாக மனப்பாடம் செய்யச் சொன்னாள்.

உள்ளே தேவசிகாமணி அப்பம் வாங்கிக்கொண்டிருந்தான். தப்பு செய்தவன் உள்ளே. நான் வெளியே.

பிப்ரவரி 9

மிளகு காயப்போட்டேன். வீட்டுக்காரி ஈவ்லின் உயிரோடு இருந்தால், நான் பரப்பியது சரியில்லை என்று மறுபடி கிளறியிருப்பாள். இன்று யாரும் கிளறவில்லை. நானே கிளறினேன்.

பிப்ரவரி 18

லெந்து காலம், உபவாச நாட்கள் என்று ஆயர் கிளியூர்வரை நடந்து வீட்டுக்கு வந்தார். எதற்கு வந்தார் என்று தெரியும்.

"தேவசிகாமணி சபை முன்னால நின்னு அழுதாருங்க. குடிய உட்டு நாலு வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் என்ன செய்யோணும்ங்கறீங்க?"

"இனி ஒண்ணும் செய்ய வேண்டாங்க. அன்னிக்கு வந்திருக்கோணும்."

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

2019 நவம்பர் 14. காலை ஒன்பது மணி. ஈவ்லினுக்கு நெஞ்சுவலி. எஸ்டேட் ஜீப் டிரைவர் தேவசிகாமணிக்குப் போன் செய்தேன். நாற்பது வருஷச் சிநேகிதன். "கெளம்பிட்டேனுங்ண்ணா" என்றான். வெள்ளக்கடையில் கல்யாண வீட்டில் விடிய விடியக் குடித்தவன், ஜீப்பை எடுக்காமல் ஸ்டீரிங்மேலேயே தூங்கிப்போனான். நாற்பது நிமிஷம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு காய்கறி வண்டி கிடைத்தது. சேலம் போய்ச் சேரவில்லை. மலைப்பாதையின் பதினோராவது வளைவில், என் மடியில் –

எப்படிடா தூக்கம் வந்துச்சு உனக்கு?

மார்ச் 3 – ஞாயிறு

பந்திக்கு முன் வெளியே வந்தேன். பின்னாலேயே தேவசிகாமணியும் வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான்.

"நீ எதுக்குடா வந்தே?"

"நீங்க வெளிய இருக்கையில உள்ள உக்கார முடியலீங்ண்ணா."

"எம் பேரச் சொல்லி நாடகம் போடறயா?"

"நாடகம்னா கூட்டம் இருக்கற பக்கமில்லீங்ளா போட்டிருப்பேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 4

சிரித்திருக்கலாம்.

ஏப்ரல் 7 – ஞாயிறு

இன்றும் வந்தான். ஷீனா அவனிடம் போய், "நீங்களும் ஃபெயிலுங்ளா?" என்றாள். "நாந்தான் சாமி கடைசி ரேங்க்கு" என்றான்.

தோட்டத்தில் காப்பி பூத்திருக்கிறது, கோயில் வாசல்வரை மணம். முன்பெல்லாம் பூத்த அன்று மூன்று பேரும், ஈவ்லின் நடுவில், ஜீப்பில் தோட்டத்தைச் சுற்றுவோம். அவன் பாடிக்கொண்டே ஓட்டுவான். ராகமே கிடையாது. "மாடு மேயப் போயிடுச்சு, நிறுத்துப்பா" என்பாள் ஈவ்லின். இன்னும் உரக்கப் பாடுவான்.

அவளுக்காக ஏங்குவதை எழுத எனக்கு வெட்கமில்லை. அந்தப் பாட்டுக்காகவும் ஏங்குகிறேன் என்பதை எப்படி எழுத?

ஏப்ரல் 8

எழுதிவிட்டேன்.

மே 1

தூக்கமில்லை. இந்த நோட்டில் நாலரை வருஷமாக எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

அந்த நாற்பது நிமிஷமும் பக்கத்து வீட்டு வாசலில் குழந்தைவேலின் கார் நின்றுகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர்த் தகராறில் அவனோடு பேச்சில்லை. ஈவ்லின் ரெண்டு தரம் சொன்னாள், "அவருகிட்டக் கேளுங்க." நான், "தேவசிகாமணி வந்துருவான், பேசாம இரு" என்றேன்.

பேசாமத்தான் இருந்தா. அதுக்கப்பறம் பேசவேயில்ல.

மே 5 – ஞாயிறு

சீசன் கூட்டம். ரோடு முழுக்க வண்டி. பெஞ்சில் அவன் வந்து உட்கார்ந்ததும், முகத்தைப் பார்க்காமல் காரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்தது.

"தெரியுமுங்ண்ணா."

"என்ன தெரியும்?"

"அடக்கத்தன்னிக்கே குழந்தைவேலு எங்கிட்டச் சொல்லி அழுதாரு. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேன்னு."

"அப்பறம் ஏன்டா சபையில சொல்லாம உட்டே? எல்லாரும் உன்னத்தான பேசுனாங்க."

"சொன்னா எம் பாரம் கொஞ்சம் கொறைஞ்சிருக்கும். கொறைஞ்சது உங்க தலைமேல ஏறும். அக்காவயும் பறிகொடுத்துட்டு, அதயும் எப்படித் தாங்குவீங்க?"

நான் எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். நொம்ப நேரம். திரும்பி வந்தபோது அவன் அங்கேயே இருந்தான்.

மே 6

வீடு தேடி வந்தவனுக்கு நான் கதவைச் சாத்திய நாளெல்லாம் இவன் இதைத் தெரிந்துகொண்டுதான் வெளியே நின்றானா?

ஜூன் 1

என் சட்டப்படி, இன்னொரு மனஸ்தாபமும் பாக்கி. காலையில் குழந்தைவேல் வீட்டுக்குப் போனேன். குழாய் விஷயத்தில் நான் சொன்னதுதான் நியாயம். அதையும் சொல்லிவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்புக் கேக்க வந்த ஆளா நீங்க?" என்றான். அவன் மனைவி கலா சிரித்துவிட்டாள். உட்காரச் சொன்னார்கள்.

ஜூன் 2 – ஞாயிறு

தூறல். பிள்ளைகள் எழுந்து வெளியே போனார்கள். ஷீனா வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வரிசை வந்தது. போய் முழங்காலிட்டோம். எனக்கும் தேவசிகாமணிக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தது. பேசிவைத்துக்கொண்டதல்ல. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். பந்தியில் ஆட்களை ஒழுங்குபடுத்தும் கோயில்பிள்ளை குனிந்து, "கொஞ்சம் நெருங்கிக்கங்க" என்றார்.

நாங்கள் இருவரும் நகரவில்லை.