மூலைத் தூணில் ஒரு கீறல்

அன்பு மாஹிராவுக்கு,

ஸலாம். உம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? நான் சுகம். போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று சுமத்ராவில் நிலநடுக்கமாம். கடலுக்கு இந்தப் பக்கம், இங்கே ரந்தாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியும் லேசாக ஆடியது. டீ சிந்தியது, அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய கட்டடம் இது. கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே எழுப்பவில்லை. நாலு மாடியையும் ஒல்லித் தூண்கள்தான் தாங்குகின்றன. இஞ்சினியர் கண், சும்மா இருக்குமா? ஆட்டம் நின்றதும் இறங்கிப் பார்த்தேன்: மூலைத் தூணில் சாய்வாக ஒரு கீறல்.

"ஆளுங்கள இறக்கிட்டு முட்டுக் கொடுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் யோகேந்திரன் இந்த ஊர் 'லா' போட்டுச் சிரித்தார். "இது என்ன ஜப்பானா லா?" நேற்றே சிமெண்டைப் பூசிப் பெயிண்டும் அடித்துவிட்டார்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு கைலியும், நீ அரைத்த மசாலாவும் கொடுத்துவிடு. நம் பிள்ளை பேசுவதைப் பதிந்து அனுப்பு.

இப்போது முதல் மாடி லோகேஸ்வரி அக்கா என் வாசலில் நிற்கிறார். "தம்பி, காலையில இருந்து எங்க வீட்டுக் கதவு சாத்தவே மாட்டேங்குது."

கதவு நிலை கோணியிருக்கிறது; அவர் வீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தத் தூண் அமுங்குகிறது, மாஹிரா. ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லாரையும் இறக்கப் போகிறேன். உம்மாவிடம் சொல்லாதே. துஆ செய்.

இக்ராம்