சான்றிதழ்கள் என் பையில் இருந்தன

19.5.2025, திங்கள்
பேசாமல் இருந்தது போதும். பள்ளியில் பேசவில்லை, உறவில் பேசவில்லை. இந்த நோட்டிலாவது எழுதுகிறேன்.

என் மகள் யுவராணிக்கு ஏடிஹெச்டி. கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்று போன வருடம் மதுரை டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "சின்ன வயசுல உங்களுக்கும் இப்படித்தானா சார்?" என்றார். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவனிடம்! பிறகு அந்த ஆளிடம் நான் போகவில்லை. மாத்திரையை அவள் அம்மாதான் வாங்கி வருகிறாள்.

பிளஸ் டூ முடித்த அவளுக்காக பி.எஸ்சி. இயற்பியலுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அவளோ இராஜபாளையத்தில் ஒரு மில்லில் எலெக்ட்ரிகல் அப்ரண்டிஸாகப் போவேன் என்கிறாள்.

25.5.2025, ஞாயிறு
இந்த யோசனையைக் கிளப்பியவன் என் மனைவியின் தம்பி வீரணன். அந்த மில்லில் ஃபிட்டர். இன்று வந்து உட்கார்ந்துகொண்டு உபதேசம்.

"பத்து நிமிஷம் புத்தகத்தோட உக்கார மாட்டா. மூணு மணி நேரம் ஃபேன் காயில் சுத்துனா மச்சான். ஒரு சுத்து தப்பல."

"ஊர்ல இருக்கிற ஃபேனெல்லாம் சுத்தட்டும்."

"சுத்துனா சோறு கிடைக்கும். ஒங்க எம்.எஸ்சி. என்னத்தக் குடுத்துச்சு? வருசத்துக்கு ஒரு மனு எழுதுறீய, அம்புட்டுத்தான்."

என் பதவி உயர்வு மனுக்களைச் சொல்கிறான். யுவராணி சிரித்துவிட்டாள். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

3.6.2025, செவ்வாய்
மில்லிலிருந்து கடிதம் வந்தது. பத்தாம் தேதிக்குள் நேரில் வர வேண்டுமாம். கல்லூரியில் சான்றிதழ் சரிபார்ப்பு பதினொன்றாம் தேதி. ஒரே நாள்தான் வித்தியாசம்.

கடிதத்தை என் பழைய ஆய்வுக் கோப்புக்குள் வைத்தேன். பதினொன்றாம் தேதி மாலை கொடுத்துவிடுவேன். அப்பன் இதைச் செய்யாமல் வேறு யார் செய்வது?

6.6.2025
"மில் லெட்டர் வந்துச்சாப்பா?" இல்லை என்றேன்.

11.6.2025, புதன்
எழுதக் கை வரவில்லை.

யுவராணியும் அவள் அம்மாவும் நேராகக் கல்லூரிக்குப் போய்விடுவது, நான் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்பதரைக்கு வந்துவிடுவது என்று ஏற்பாடு. அசல் சான்றிதழ்கள் என் பையில். அவளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்.

பள்ளியில் நுழைந்ததும் செய்தி. தங்கப்பாண்டியனுக்குத் தலைமையாசிரியர் பதவியாம். சக ஆசிரியன், பணியில் எனக்கு மூன்று வருடம் இளையவன். மனு எழுத உட்கார்ந்தேன். சீனியாரிட்டி, அரசாணை எண்கள், பழைய பதில்கள் — எட்டுப் பக்கம். போன் சைலண்டில். பை என் காலடியில்.

நிமிர்ந்தபோது மணி இரண்டு இருபது. பதினேழு அழைப்புகள்.

கல்லூரி வாசலில் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். "மூணு தடவை பேர் கூப்பிட்டோம் சார். அடுத்த ஆளுக்குக் குடுத்தாச்சு" என்றார் எழுத்தர். கெஞ்சினேன். நான் கெஞ்சினேன்!

"காலைல அஞ்சு தடவை சொன்னேனேங்க" என்றாள் மனைவி. யுவராணியாவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

12.6.2025
மில் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தாள்.

"முந்தாநாளே முடிஞ்சுபோச்சேப்பா."

உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தாள்.

"ஒளிச்சு வச்சீங்களா, மறந்துட்டீங்களா?"

"ரெண்டும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. படிப்பும் போச்சு, வேலையும் போச்சு. ரெண்டையும் நானே கெடுத்தேன். பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு இனி என்ன வழி? எதற்கு நான் இருக்கிறேன்?

13.6.2025
ஆய்வுக் கோப்பு மேசைமேல் கிடக்கிறது. என் வழிகாட்டிப் பேராசிரியர் என் பிஎச்.டி.யைக் கெடுத்தார் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். உள்ளே அவர் எழுதிய கடிதங்கள் மூன்று. மூன்றிலும் ஒரே கேள்வி: இரண்டாம் அத்தியாயம் எங்கே?

ஆறு விதமாகத் தொடங்கியிருக்கிறேன். ஒன்றுகூட நாலாம் பக்கம் தாண்டவில்லை.

அந்த டாக்டர் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

16.6.2025, திங்கள்
வீரணன் அவளை மில்லுக்குக் கூட்டிப் போனான். இந்த பேட்ச் நிரம்பிவிட்டது. ஆகஸ்டில் இன்னொன்று இருக்கிறது. பெயர் எழுதிக்கொண்டார்களாம், உறுதி சொல்லவில்லை.

"ஏம்மா லேட்டுன்னு கேட்டாக. என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கு ஏடிஹெச்டி சார், லெட்டர வீட்டுல எங்கயோ வச்சு மறந்துட்டேன்'னா. ஒங்களக் காட்டிக் குடுக்கல மச்சான்."

வெளியே சொல்லாதே, நாளைக்கு வரன் வராது என்று நான் தடுத்து வைத்திருந்த சொல். அதை என் குற்றத்துக்காகச் சொல்லியிருக்கிறாள்.

வீரணனுக்குக் காபி கொடுக்கச் சொன்னேன்.

4.8.2025, திங்கள்
ஆகஸ்ட் பேட்சில் இடம் கிடைத்துவிட்டது. ஆறு இருபது பஸ்ஸில் மில்லுக்குக் கிளம்பிவிட்டாள். கதவில் ஒட்டியிருக்கிறாள்: மாத்திரை, டிபன், ஐடி கார்டு, சாவி. அடியில் வேறு மையில்: "அப்பா — போனில் சத்தம் வைக்கவும்."

மதுரை டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்கு.

எங்கள் ஆசிரியர் சங்க இதழில், கவனமில்லாத மாணவர்களை எழுப்பி நிறுத்த வேண்டும் என்று போன வருடம் கட்டுரை எழுதினேன், பெயரும் பட்டமும் போட்டு. இந்தப் பக்கங்களை அதே இதழுக்கு அனுப்புகிறேன், உள்ளே இருக்கும் பெயர்களை மாற்றி, என் பெயர் போடாமல். என் பெயர் தெரிந்தால் அவள் பெயரும் தெரிந்துவிடும். கோழைத்தனமும் கொஞ்சம் இருக்கிறது, தங்கப்பாண்டியன் படிப்பான்.

உறையை ஒட்டிவிட்டேன். இப்போதே போய்ப் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மறந்துவிடுவேன்.