சொல்லாமல் எழுந்து வந்த அறை

காரைக்குடி,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

செந்தாமரை எழுதுகிறேன். இங்கே தீக்ஷா, அத்தை, நான் மூவரும் சுகம். நீங்கள் சுகமா என்று போனில் கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள். பார்சலில் பருப்புப் பொடியும் சீப்புச் சீடையும் வைத்து, அவற்றுக்கு மேலே இதை வைத்திருக்கிறேன். படிக்காமல் சீடையில் கை வைக்கக் கூடாது.

முதலில் வீட்டுச் செய்தி. தீக்ஷாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டு என்று போனை நீட்டினால், "அப்பா என்னயப் பாக்க மாட்டேங்கிறாக, அங்குட்டுச் செவத்தையே பாக்குறாக" என்கிறாள். அத்தை கல்லலில் கடலை எடுப்பு முடிந்து இங்கே வந்திருக்கிறார்கள். நீங்கள் தேர்வில் தவறியதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. "எம் மகனுக்கு என்ன கொறச்ச, அவென் வாயத் தொறந்தாலே பாதி நோவு ஓடிப்போகும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டே நான் வெங்காயம் உரிப்பேன். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

அத்தை சொல்வது பொய்யும் இல்லை. கல்யாணமான புதிதில் நாம் கோட்டையூரில் வாடகைக்கு இருந்தோமே, அந்த நாட்களில் டவுன் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கு எப்போதாவது இடம் கிடைத்ததா? யாராவது ஒரு ஆச்சி வந்து, "டாக்டரு, இந்தா, இந்த நாக்கப் பாருங்க" என்று நீட்டுவார்கள். நீங்களும் பஸ் குலுக்கலில் நாக்கைப் பார்த்து, மருந்து சொல்லி, மருமகள் சண்டையையும் விசாரித்து முடிப்பதற்குள் காரைக்குடி வந்துவிடும். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த பஸ்ஸில் போனால் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

அப்படிப் பேசுகிற மனிதர்தான், அறைக்கு ஒருவராக நடிகர்களை உட்கார வைத்து, நோயாளியிடம் எப்படிப் பேசுகிறோம் என்று பார்க்கிற தேர்வில் இரண்டாம் முறையும் தவறியிருக்கிறீர்கள். தையில் வரும் மூன்றாவது முறைதான் கடைசி. அதுவும் போனால் அங்கே, வெள்ளைக்காரன் ஊரில், உங்கள் வேலையும் போகும், தீக்ஷாவும் நானும் வந்து சேர்வதும் போகும். உங்களுக்குத் தெரியாததை ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு அப்பன் முகம் போன் அளவுதான் என்று ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

பயம் ஒரு பக்கம், உங்கள் மேல் கோபம் இன்னொரு பக்கம். தவறியவர்களுக்கு உதவ என்று ஆஸ்பத்திரியே ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட தேர்வுகளில் நோயாளியாக நடிக்கிற ஹெலன் அம்மா புதன்கிழமைதோறும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் ஒரே ஒரு தடவை போனீர்கள். தேர்வில் கணவன் இறந்த செய்தியை ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டிய அறையில் நடந்ததை உங்கள் வாயாலேயே கேட்டுவிட்டு, சொன்னது சரி, ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்களே என்று அவர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான், உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இத்தனை வருசமா நோயாளியப் பாக்குறேன், எனக்கு ஈவு இரக்கம் இல்லைன்னு ஒரு நாடகக்காரி சொல்றா, இனி அந்தப் பக்கம் போக மாட்டேன்" என்று என்னிடம் குதித்தீர்கள்.

அன்று போனை வைத்ததும் நான் முதலில் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தேர்வு முடிந்த சாயங்காலம் நீங்கள் என்னிடம் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. மற்ற அறைகளில் முன்னே பின்னே இருக்கும், இந்த ஒரு அறையில் மட்டும் கச்சிதமாகச் செய்தேன் என்றீர்கள். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மெதுவாகச் செய்தியைச் சொல்லி, அந்த அம்மாள் அழுது தீரும்வரை பேசாமல் கூட இருந்து, பிறகு சத்தமில்லாமல் எழுந்து, தலையைக் குனிந்து வெளியே வந்துவிட்டேன் என்றீர்கள்.

துட்டி வீட்டில் உட்கார்ந்து எழுந்து வருவது போலவே வந்திருக்கிறீர்கள்! நம் பக்கத்தில் சாவு வீட்டில் யார் "போயிட்டு வாரேன்" என்பார்கள்? வாரேன் என்றால் இன்னொரு துட்டிக்கு வருகிறேன் என்று ஆகிவிடாதா? சின்ன வயதில் நீங்கள் ஒரு துட்டி வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட, அத்தை உங்கள் தொடையில் கிள்ளிய கிள்ளு கல்லல் ஸ்டேஷன் வரை வலித்ததாம். அத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் கிள்ளுதான் மாமா, அத்தனை தூரம் கடல் தாண்டி வந்து உங்களை வாய் திறக்க விடாமல் எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறது. பார்த்து மதிப்பெண் போட்ட வெள்ளைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? கல் மனசுக்காரன் என்று எழுதிவிட்டார்.

சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது. அதற்குக் காரணம் என் அப்பா.

ஒக்கூரில் இருந்து நெஞ்சு வலி என்று அப்பாவைக் காரில் போட்டுக்கொண்டு நான் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? எனக்கு நீங்கள் அப்போது யாரோ ஒரு டாக்டர். நடையில் இருந்த பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா நம்மள விட்டுப் போயிட்டாகம்மா" என்றீர்கள். நம்மள என்று சொன்னீர்கள். நான் அழுதபோது நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து, தலை குனிந்து நடந்தீர்கள். டாக்டராக வந்தவர் சொந்தக்காரரைப் போலப் போகிறாரே என்று அந்த அழுகையிலும் எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க அடிக்கடி வந்தோமே, அம்மாவின் பிரஷர் எப்போதும் சரியாகத்தான் இருந்தது. இழுத்துக்கொண்டு வந்தவள் நான். உங்களை சார் என்று கூப்பிட்டுப் பழகிய வாயை மாமாவுக்கு மாற்ற அத்தை பட்ட பாடு தனிக் கதை.

அங்கே உங்களைத் தோற்கடித்த அதே காரியத்துக்காகத்தான் நான் உங்களைக் கட்டிக்கொண்டேன். இதைக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டு, பிறகு மேலே படியுங்கள். இனி எழுதப் போவது உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் போன பிறகு எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அப்பாவை எங்கே வைத்திருக்கிறார்கள், யாரைக் கேட்க வேண்டும், ஒக்கூரில் காத்திருக்கும் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது, ஒன்றும் புரியவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர் அறையில் மகனுக்குக் காவல் இருந்த ஒரு அக்கா பார்த்துக்கொண்டே இருந்தவர்கள், எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்கள். "இங்குட்டு வா தாயி. அழுகையெல்லாம் வீட்டுல போயி அழுதுக்கிருவோம். மொதல்ல அப்பாவப் பாப்போம், அப்புறம் ஒங்க தாய்மாமனுக்குப் போனப் போடு" என்றார்கள். என் தாய்மாமன் வந்து சேரும் வரை மகனைக் கூட விட்டுவிட்டு என்னோடு நின்றார்கள். அவர்கள்தான் பொன்னுத்தாயி அக்கா. நம் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்களே, யார் என்று கேட்டீர்களே, தெரிந்தவர்கள் என்று மட்டும் சொன்னேன்.

நம் ஊரில் நீங்கள் சொல்லாமல் எழுந்து போகலாம் மாமா. உங்களுக்குப் பின்னால் ஒரு பொன்னுத்தாயி அக்கா எப்படியும் வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி நடை முழுக்க அத்தையும் சித்தியும் பக்கத்துக் கட்டில்காரரும்தானே. அந்த ஊர் அறையில் நீங்கள் எழுந்து கதவைச் சாத்தினால், அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருப்பாள். யாரும் வர மாட்டார்கள். ஹெலன் அம்மா உங்களுக்கு இரக்கம் இல்லை என்று சொல்லவில்லை. அக்கா செய்த மீதியையும் நீங்களே செய்ய வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இது கைக்கு வந்ததும் வருகிற புதன்கிழமை போங்கள். எனக்காகப் போங்கள். நம் பக்கத்துத் துட்டி வழக்கத்தை அவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அடுத்து எங்கே போக வேண்டும், யார் கூட வருவார்கள், மறுபடி உங்களை எப்போது பார்க்கலாம் என்பதை எல்லாம் எழுந்திருக்கும் முன் எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நான் வீடியோவில் நோயாளியாக இருக்கிறேன். எனக்கு அழ நன்றாக வரும், நாடகக்காரி தேவையில்லை. தேர்வில் போலவே நேரம் முடிந்ததும் மணி அடிக்கத் தீக்ஷாவை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. தேர்வு முடிவு வந்த நாளில் இருந்து நீங்கள் போனை வைக்கும்போது எதுவும் சொல்வதில்லை. முன்பெல்லாம் "வாரேன் தாமரை, பிள்ளையப் பாத்துக்க" என்று சொல்லாமல் வைத்ததே கிடையாது. இப்போது பேச்சு நிற்கிறது, அப்புறம் சத்தமும் நின்றுவிடுகிறது. அப்பா இன்னும் வாரேன் சொல்லவில்லை என்று தீக்ஷா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். வைத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது துட்டி வீடு இல்லை மாமா. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பரீட்சை போயிருக்கிறது, அவ்வளவுதான். பாஸானாலும் ஆகாவிட்டாலும் நீங்கள் திரும்பி வருகிற வீடு இது. புதன்கிழமை அவர்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். பேசினாலும் சரி, "ம்" என்றாலும் சரி. வைக்கும்போது மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள்.

கொப்புடையம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள். நானாவது சொல்லிக்கொண்டு முடிக்கிறேன்.

வாரேன் மாமா.

உங்கள்
செந்தாமரை