உங்களைத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள்

அப்பா,

இன்று என் பெயரில் ஒரு பாஸ்புக் கிடைத்தது. பசை வாசனை இன்னும் போகவில்லை. ஸ்காலர்ஷிப் பணம் செக்காகத்தான் வருமாம். அதற்காகக் கணக்குத் தொடங்கப் பள்ளி டீச்சர் என்னைத் தம்பானூர் பேங்குக்கு அழைத்துப் போனார். அதே பேங்க், அதே கம்பிச் சன்னல், அதே சார். 'அறிமுகம் செய்பவர்' என்ற இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், நான் தெரிந்தவள் ஆகிவிட்டேன்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

ஓட்டலில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து உங்கள் வலது கை வெந்தபோது, லேபர் ஆபீஸ் சொன்ன பிறகுதான் முதலாளி நஷ்டஈடு தந்தார். அதையும் மூலையில் இரண்டு கோடு போட்ட செக்காகத் தந்தார். கோடு போட்டால் கணக்கில்தான் சேரும், கையில் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குக் கணக்கு இல்லை என்பதும் தெரியும். உங்கள் சம்பளமே அவருடைய கல்லாவில்தானே கிடந்தது! இங்கே பிழைக்க வந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் அவரிடம் விட்டுவைத்து, ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்குவார்கள். அவர் வாங்கி வைக்க யாருடைய அறிமுகமும் தேவைப்படவில்லை.

செக் மடங்கக் கூடாது என்று என் அட்லஸுக்குள் வைத்து அந்தப் பேங்குக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் செய்தால் விரல்கள் நிமிரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பணம் அதற்குத்தான்.

"கணக்கு தொடங்ஙாம். பட்சே இவிடெ அக்கவுண்ட் உள்ள ஒராள் ஒப்பு இடணும். உங்களை ஆருக்கு அறியாம்?" என்று மலையாளத்தில் கையெழுத்துக்கு ஆள் கேட்டார் சார்.

"முதலாளிக்குத் தெரியும் சார்."

"எங்கில் முதலாளியைக் கூட்டி வா."

அப்போதுதான் எனக்குச் சாரின் முகம் பிடிபட்டது. பள்ளி விட்டதும் உங்கள் ஓட்டல் பின்கட்டில் உட்கார்ந்து நான் பாடம் எழுதும்போது, கதவிடுக்கில் தினமும் தெரிகிற முகம்.

"சார், நீங்க சாயங்காலம் சாப்பிட்ட புரோட்டா எல்லாம் எங்க அப்பா போட்டதுதான். அவங்களை உங்களுக்கே தெரியுமே" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பொறோட்டா தின்னதுக்கு ஒப்பு இடான் ஒக்குமோ மோளே? அப்படீன்னா ஊரிலெ ஓட்டலுக்கெல்லாம் ஞான்தான் ஒப்பு இடணும்" என்றார் சார்.

நீங்களும் அவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். "சும்மா இரி மக்கா" என்று என் தோளை அழுத்தினீர்கள். அன்று உங்கள் மேலும் எனக்குக் கோபம்.

முதலாளியிடம் போனோம். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "பேங்குக்கெல்லாம் நான் எங்கடே வர? செக்கை இங்க தா. பாதி இப்பவே கையில தாரேன், அலைச்சல் மிச்சம்" என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அட்லஸைத் திறந்து செக்கை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கல்லாவிலிருந்து பாதிப் பணத்தை மட்டும் எண்ணித் தந்தார். வெளியே வந்ததும் நீங்கள், "நல்ல மனுசன். கையிலயே தந்துட்டாரு" என்றீர்கள். அதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை, அப்பா. உங்கள் பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டவர் எப்படி நல்ல மனிதர்?

பாதிப் பணத்தில் ஆபரேஷன் நடக்கவில்லை. மடங்கிய விரல்களோடு அதே ஓட்டலில் எச்சில் தட்டு எடுத்தீர்கள். போன மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோதும் அந்த விரல்கள் நிமிரவில்லை.

இன்று பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு சாரிடம் கேட்டேன்: "நான் எப்போ சார் இன்னொருத்தருக்கு ஒப்பு போடலாம்?"

அவருக்கு என்னை நினைவில்லை. "ஆத்யம் வயசு பதினெட்டு ஆகட்டும் மோளே. ஆருக்கு வேண்டீட்டு?" என்று சிரித்தார்.

"புரோட்டா போடுறவருக்கு" என்றேன். அவர் சிரிப்பு நின்றது. டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

உங்கள் அடுப்பில் இப்போது நிற்பவர் ஆறுமுக மாமா. அவர் சம்பளமும் அந்தக் கல்லாவில்தான் கிடக்கிறது. எனக்குப் பதினெட்டு ஆனதும் முதலில் அவரைத்தான் பேங்குக்கு அழைத்துப் போவேன். அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுவேன்.