எத்தனை பேருக்கு வீடு

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

வாங்க நினைத்த வீட்டை முன்பணம் கட்டுவதற்கு முன் பரிசோதிக்க ஓர் இன்ஜினியரை அழைத்துப் போனேன். தண்ணீர் வேகம் பார்க்க எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டுமாம்.

"வீட்டாளுங்க எங்கேம்மா?"

"நான் மட்டும்தான் சார்."

அவர் மாடிக்கு ஓடினார், நான் கீழே ஓடினேன். ஒரே சிரிப்பு. எல்லாம் திறந்ததும் மாடியில் தண்ணீர் நூலாக ஒழுகியது.

"ஒருத்தருக்குத் தாராளம். மூணு பேர்னா வேணாம்மா, தினம் சண்டதான். எத்தன பேரு?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

அம்மாவின் பழைய போர்வை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். நீங்கள் இருவரும் இங்கே வந்து என்னோடு இருப்பீர்களா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்; அன்று முன்பணம் கட்ட வேண்டும். வரவில்லையென்றால் இந்த வீட்டையே வாங்கிவிடுகிறேன்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்