கேஸ் போடாத காகிதம்

மேட்டுக்காடு,
20.11.1996

கண்ணு தமிழ்ச்செல்வனுக்கு அப்பன் சின்னான் சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மா பழனியாத்தாளும் இருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஐயா மேல் வருத்தம் வைக்காதே. மோட்டார் கம்பியை வெட்டியது நீதான் என்று தோட்டத்துக்காரர் அடித்துச் சொல்லியும், அவர் உன்னை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. "கேஸ் போட்டா வாழ்க்கை போச்சு. தொண்ணூறு நாள் குடி நிறுத்தற இல்லத்துல இருந்து திருந்தி வரட்டும்" என்றார். ஒரு காகிதத்தை நீட்டினார். கையை வைத்தேன். அவ்வளவுதான், கேஸ் இல்லை.

உனக்குக் கடிதம் எழுத ஆள் தேடினேன். ஸ்டேஷனில் எழுதுகிற வேலையெல்லாம் ரைட்டர் ஐயாதான் என்று வாசலில் நின்ற போலீஸ்காரர் சொன்னார். நேராக அவரிடமே போய், "ஏனுங்க, எம் பையனுக்கு ஒரு கடுதாசி எழுதோணுங்க" என்றேன். ரைட்டர் வரதராஜுலு ஐயா முழித்தார். அப்புறம் சிரித்துவிட்டு, "உக்காரப்பா சின்னான். இத்தனை வருச சர்வீசுல எங்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்ல" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பன்,
சின்னான் (இடது பெருவிரல் ரேகை)


குடிமறப்பு இல்லம்,
கோயமுத்தூர்,
2.12.1996

அப்பாவுக்கு,

ரைட்டர் என்றால் ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர் இல்லைங்க அப்பா. கேஸ் எழுதுகிற போலீஸ். நம் வீட்டுச் சங்கதியைப் போலீசிடமே சொல்லி எழுத வைக்கிறீர்கள்.

இங்கே அடி இல்லை, சோறு உண்டு. தினமும் காலையில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து "நான் குடிகாரன்" என்று சொல்ல வேண்டும். "நான் குடிக்கறதே இல்லைங்க" என்றேன். பொறுப்பாளர் அந்தோணிராஜ் சார் தோளில் கை வைத்து, "மொத மாசம் எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க தம்பி" என்றார். பக்கத்துப் பாயில் படுக்கிற ஜெரால்டு அண்ணன், "குடிக்காம வந்து சேர்ந்த மொத ஆளு நீதான்டா. போறதுக்குள்ள கத்துக்க" என்று சிரிக்கிறார்.

ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள். நீங்கள் கை வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

தமிழ்ச்செல்வன்


மேட்டுக்காடு,
14.12.1996

கண்ணு,

உன் கடிதத்தையும் ரைட்டர் ஐயாதான் படித்துக் காட்டினார். வேறு யாரிடம் போவேன்? அவரைப் பற்றி எழுதியிருந்ததையும் விடாமல் படித்தார். கோபப்படவில்லை. அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து வாசித்தார். "என் மகன் குடிபோதையில் மோட்டார் கம்பியை வெட்டி எடுத்தது உண்மை. இனி அவனை ஒழுங்காக வைத்துக்கொள்வேன்." பின்பாதி மட்டும்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

கம்பி போனது தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம். அன்று விடிந்ததிலிருந்து நீயும் நானும் ரசாக் பாய் தோப்பில் தேங்காய் உரித்தோம். உன் செருப்பு வார் அறுந்து, நாரில் கட்டிக்கொண்டாய். பாய் வீட்டில் டீ கொடுத்தார்கள், சர்க்கரை தூக்கல் என்றாய். மூன்று மணிக்கு மழை. கொட்டகையில் ஒதுங்கினோம். பொழுது சாய்ந்துதான் வீடு வந்தோம்.

இதைச் சொல்லும்போது ரைட்டர் ஐயா பேனாவை நிறுத்திவிட்டார்.

"ஏப்பா, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலைங்க. கையை வைன்னாங்க, வெச்சுப்போட்டேன்."

எழுந்து சப்-இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் போனார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "காகிதம் பொய்யின்னா கேஸ் எழுதி கோர்ட்டுக்கு அனுப்போணும்கறார். அங்க போய் நிரூபிச்சுக்கட்டுமாம். இல்லேன்னா மீதி அம்பத்துநாலு நாள். நீயே சொல்லு சின்னான்."

இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டேன். கோர்ட்டு எனக்குத் தெரியாது. நாட்களை எண்ணத் தெரியும்.

உன் அப்பன்,
சின்னான் (ரேகை)


கோயமுத்தூர்,
6.2.1997

அப்பாவுக்கு,

இன்றோடு தொண்ணூறு நாள். போன மாதம் எழுந்து நின்று "நான் குடிகாரன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தோணிராஜ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் முடித்ததாகச் சான்று தரமாட்டார்கள்.

இங்கேயே ஒரு பட்டறையில் வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு வரவில்லை. வந்தால் நான் திருந்தி வந்தவன். சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கம்பி போன அன்று முழுக்க என் பக்கத்தில் இருந்தது நீங்கள்தான் அப்பா.

தமிழ்ச்செல்வன்


மேட்டுக்காடு,
3.3.1997

கண்ணு,

நீ பட்டறைக்குப் போனபின் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முன் இரண்டுக்கும் பதில் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஐயா அடிக்கடி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார். கை வைக்கத் தயங்குகிற தகப்பன்மாருக்கு, "எம் பையனும் இப்படித்தாங்க போனான், இப்ப பட்டறையில இருக்கறான்" என்று நான் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்குச் சொன்னேன். அவர்களும் வைத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை ராமுலு என்று ஒருவர் மகனுக்காக வந்திருந்தார். என்னைப் போலத்தான், எழுத்து தெரியாது. காகிதத்தை நீட்டினார்கள். "ஏனுங்க, அதுல என்ன இருக்குதுன்னு படிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டு வைங்க" என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் ஐயா என்னைப் பார்த்து, "யோவ் பெருசு, இனி ஸ்டேஷன் பக்கம் வராதே" என்றார். ராமுலு மகனுக்குக் கேஸ் போட்டுவிட்டார்கள். நான் செய்தது நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

இதை ரைட்டர் ஐயா பஸ் நிறுத்தத்தில் வைத்து எழுதுகிறார். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது, நாளைக்குப் போகிறார். ஊரில் படித்தவர்கள் இருக்கிறார்கள். உன் சங்கதியை அவர்கள் வாயில் போட எனக்கு மனசில்லை. இனி உன் கடிதம் வந்தாலும் படிக்க ஆளில்லை. அதனால், பதில் வரவில்லையே என்று நான் நினைக்க வேண்டியதில்லை.

உன் அப்பன்,
சின்னான் (ரேகை)